வெற்றிலை வைத்து அழைத்த மூச்சு

போன வாரம் இன்சூரன்ஸ் சோதனைக்காக ஒரு லேப்புக்குப் போயிருந்தேன். வெள்ளைக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி என் கையில் அட்டைக் குழாய் ஒன்றைக் கொடுத்து, "மூச்சை நல்லா இழுத்து, ஒரே தம்ல ஊதுங்க சார்" என்றாள். வாயில் வைத்ததுமே அந்த வாசம் வந்தது. காய்ந்த பசையும் எச்சில் பட்டு ஈரமான அட்டையும் கலந்த வாசம். எனக்கு ஊத வரவில்லை. அந்தப் பெண், "சிகரெட் புடிப்பீங்களா சார்?" என்று கேட்டாள்.

"இல்ல கண்ணு. ஒருத்தங்க ஞாபகம் வந்துருச்சு."

அவள் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். அவளுக்குப் பதிலாக நீங்கள் உட்கார்ந்திருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள். யார் ஞாபகம், எப்போதெல்லாம் வரும், வந்தால் மூச்சு எவ்வளவு குறைகிறது, மற்றவர்களுக்கும் இப்படி உண்டா என்று என்னைக் குடைந்து எடுத்திருப்பீர்கள்.

டாக்டரம்மா, நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருசம் ஆகப் போகிறது. உங்களைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். நல்லது மட்டும் எழுதினால் நீங்களே அடித்துவிட்டு, "விட்டதையும் சேர்த்து எழுதுங்க" என்பீர்கள். அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

தொண்ணூறுகள் தொடங்கிய சமயம். போத்தனூர் ரோட்டில் என் குடோன் வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கினீர்கள். பெல்ட், பேரிங், கார்டிங் கம்பி, நூல் சுற்றும் அட்டைக் குழாய் என்று மில்லுக்கு வேண்டிய உதிரிச் சாமான்தான் அன்றும் இன்றும் என் வியாபாரம். நீங்கள் அட்டைக் குழாய் கேட்டீர்கள். சின்ன அளவாக, ஒரு முனை மழமழவென்று வேண்டும் என்றீர்கள்.

"எந்த மில்லுங்க? என்ன நூலு?" என்றேன்.

"நூலுக்கு இல்லைங்க. ஊதுறதுக்கு."

பைத்தியமோ என்று கூட நினைத்தேன். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அடுத்த தெரு தாண்டி இருந்த பெரிய மில்லில், பஞ்சை அடித்துச் சிக்கெடுக்கும் கார்டிங் செக்‌ஷன் ஆட்களின் நுரையீரலை வருசம் ஒரு முறை அளக்கப் போகிறீர்கள். ஐந்து வருசம். வேலையை விட்டு நின்றவர்களும் அதில் உண்டு. பஞ்சுத் தூசியால்தான் நெஞ்சு கெடுகிறது என்று கணக்கில் வந்தால், தூசி இழுக்கும் மெஷின் போட்டுத் தருவதாக மில் மேனேஜர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வராவிட்டால் போடமாட்டார். அவ்வளவுதான் பேச்சு.

"அப்ப நீங்க டாக்டருங்களா?"

"இல்லைங்க. நான் புள்ளியியல் படிச்சவ. ஒருத்தரைப் பார்த்தா என்ன நோய்னு டாக்டர் சொல்லிடுவார். ஆயிரம் பேரைப் பல வருசம் பார்த்தாத்தான் எதனால வந்ததுன்னு சொல்ல முடியும். என் வேலை ரெண்டாவது."

யார் கேட்டார்கள் அதை? மூச்சு அளக்கும் மெஷினோடு வந்த பொம்பளை என்றால் டாக்டரம்மாதான். கடைசி வரைக்கும் ஜனங்கள் உங்களிடம் ஊசி கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள்.

என் குடோன் மாடியை உங்களுக்கு விட்டேன். தர்மத்துக்கு விடவில்லை. மில்லுக்குத் தூசி மெஷின் வந்தால் அதற்குக் காற்றுக் குழாய் இழுக்கும் வேலை எனக்குத்தான் வரும் என்று அப்போதே கணக்குப் போட்டுவிட்டேன். அதை உங்களிடம் மறைக்கவும் இல்லை. "பரவாயில்லை, உங்களுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சா எனக்கு நிம்மதி" என்றீர்கள். இன்னொரு காரணமும் இருந்தது. என் மச்சினன் நடராஜ் அந்தக் கார்டிங்கில்தான் இருந்தான். என் மனைவி சரசுவுக்கு ஒரே தம்பி. எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் இருந்தான். வாரலீவு முடிந்து வேலைக்குப் போகிற நாளில் அவனுக்கு நெஞ்சைப் பிடிக்கும். ரெண்டு நாள் போனால் கொஞ்சம் இளகும். "மெஷினுக்கு என்னைப் பாத்தா கோவமுங்க மாமா, லீவு போட்டதுக்கு" என்று சிரிப்பான். என் கடைக்கு வா என்றால் வர மாட்டான். அக்கா புருசன் கடையில் கல்லாவைத் துடைப்பதைவிட மில்லில் செத்தாலும் மரியாதை என்று நினைக்கிற ஜாதி.

முதல் வருசம் பாதிப் பேர்தான் வந்தார்கள். நீங்கள் நோட்டீஸ் ஒட்டினீர்கள், சைக்கிளில் ஆள் விட்டீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. ரெண்டாம் வருசத்துக்கு முன்னால் ஏதோ கல்யாணத்துக்கு எங்களோடு வந்தீர்கள்; மண்டபம் நிறைந்து வழிவதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டீர்கள்: "இவங்க எல்லாரும் சொந்தமா?"

"எங்கீங்க! நேர்ல போயி வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிட்டா வராம இருக்க மாட்டாங்க. வராம இருந்தா தப்பு."

அன்றைக்கே முடிவு செய்தீர்கள். தாம்பாளம், வெற்றிலை, பாக்கு, குங்குமம். மில் ஆட்கள் குடியிருந்த லைன் வீடு ஒன்று விடாமல் நீங்களே போய், "இந்த ஞாயித்துக்கிழமை வந்து ஊதிக் கொடுக்கணும்" என்று அழைத்தீர்கள். எனக்குச் சிரிப்பு தாளவில்லை. "முகூர்த்தம் எத்தனை மணிக்குங்க?" என்று கிண்டல் கூடச் செய்தேன். ஆனால் கூட்டம் திரண்டு வந்தது. மாடிப்படி வரைக்கும் வரிசை. ஊதிவிட்டுப் போகிறவர்களுக்குத் தேங்காய்ப் பை கொடுத்தீர்கள். ஒரு ஆள் விடாமல் வந்துவிட்டார்கள் என்று சின்னப் பிள்ளை மாதிரி சந்தோசப்பட்டீர்கள். "இப்படி ஒரு ஆய்வுல ஆள் விட்டுப்போகாம இருக்கறது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?" என்று என்னிடம் ரெண்டு தடவை சொன்னீர்கள். எனக்குத் தெரியாது. இருந்தாலும் தலையாட்டினேன்.

மூன்றாம் வருசமும் ரங்கசாமி வந்து ஊதினார்.

நான் சாப்பிட்டுவிட்டு மாடிக்கு ஏறி வந்தேன். நீங்கள் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு, "அருமை ரங்கசாமி! போன வருசத்தைவிட நல்லா ஊதறீங்க. இன்னும் ஒரு தடவை" என்கிறீர்கள். குழாயை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்தேன். ரங்கசாமியின் தம்பி பழனிச்சாமி. மில்லுக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. ஆட்டு வியாபாரி.

"ஏப்பா பழனிச்சாமி, நீ எங்க இங்க? அண்ணன் வல்லியா?"

குழாயை எடுத்துவிட்டு மரியாதையாகச் சொன்னான்: "அண்ணன் தவறி மூணு மாசமாச்சுங்களே. தாராபுரத்துல, எங்க அம்மா ஊட்லயே. உங்களுக்குத் தாக்கல் சொல்ல ஆளு வல்லீங்களா?"

நீங்கள்தான் கேட்டீர்கள்: "அப்ப நீங்க ஏன் ஊதுனீங்க?"

அவன் குழம்பிப் போனான். தான் செய்த தப்பு என்ன என்றே அவனுக்குப் புரியவில்லை. "அதென்னுங்க அப்படிக் கேக்கறீங்கொ? நீங்க ஊட்டுக்கே வந்து வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிட்டிருக்கறீங்கொ. அண்ணன் பேருக்கு அழைப்பு. அவரில்லைன்னா ஊட்டுக்கு ஒருத்தராச்சும் வந்து தலையக் காட்டோணுமில்லீங்களா? போன வருசமும் அவரால படுக்கைய உட்டு எந்திரிக்க முடியலீங்க. நாந்தான் வந்து ஊதிப்போட்டுப் போனேன்."

வரிசையில் நின்றவர்கள் இதைக் கேட்டு அதிர்ச்சி ஆகவில்லை. அதுதான் கொடுமை. நாலைந்து பேர் தலையை ஆட்டினார்கள். ஒருத்தர், "எங்கூட்லயும் அய்யனுக்குப் பதிலா நாந்தானுங்க" என்றார். இன்னொருத்தர் தன் சகலைக்காக வந்திருந்தார். மொய் எழுத வந்தவர்கள் மாதிரி ஆளாளுக்கு யார் பேருக்கு வந்தோம் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டீர்கள். அன்றைக்குத் தேங்காய்ப் பையை நான்தான் கொடுத்து அனுப்பினேன்.

பிறகு, ஊதுமுன் ஒவ்வொருத்தருக்கும் குறித்து வைத்திருந்த மூன்று வருசத்து உயரக் கணக்கை எடுத்துப் போட்டுப் பார்த்தீர்கள். ஐம்பது வயதில் நாலு விரற்கடை வளர்ந்தவர் இருந்தார். திடீரென்று குள்ளமானவர் இருந்தார். ஆள் மாறியது அதிலேயே தெரிந்தது. என்னை எதிரில் உட்கார வைத்து, பொறுமையாக, ஒரு வியாபாரிக்குச் சரக்கை விளக்குவது போல விளக்கினீர்கள்.

"யாரு ஆளை மாத்தி அனுப்பியிருக்காங்க? ரொம்ப முடியாதவங்கதான். அவங்க பேர்ல நல்ல மூச்சு பதிவாகியிருக்கு. இந்தக் கணக்கை அப்படியே வெச்சா, தூசியில பல வருசம் இருந்தவங்களுக்கு ஒண்ணுமே ஆகலைன்னு வரும்."

"சரி, அவங்களை எடுத்துப்போடுங்க."

"எடுத்தா யாரு மிச்சம்? தானே நடந்து வந்து ஊத முடிஞ்சவங்க. அப்பவும் எல்லாரும் நல்லா இருக்காங்கன்னுதான் வரும்."

வைத்தாலும் மில்லுக்கு லாபம், எடுத்தாலும் மில்லுக்கு லாபம். நாற்பது வருச வியாபாரத்தில் இப்படி ரெண்டு பக்கமும் அடைத்த சந்து ஒன்றை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது வழி என்று ஒன்று சொன்னேன். மெஷினைத் தூக்கிக்கொண்டு அந்த வீடுகளுக்கே போவோம். என் மெட்டடார் வேனில் போனோம். தாராபுரம், பவானி, நடுவில் எத்தனையோ ஊர். அந்தப் பயணத்தை நினைத்தால் எனக்கு உங்கள் மேல் இருக்கிற மரியாதையும் கோபமும் ஒன்றாகவே வருகின்றன. நார்க்கட்டிலில் தலையணைகளை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று ராத்திரி பகலாக உட்கார்ந்தே இருப்பவர்கள். "எப்படி இருக்கீங்க?" என்று நீங்கள் கேட்டால், வீட்டுக்கு வந்தவர் மனசு நோகக் கூடாதே என்று, "பரவால்லீங்க, உங்க புண்ணியத்துல நல்லா இருக்கறனுங்க" என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க மூன்று முறை நிறுத்துவார்கள். நீங்கள் கேட்டு நிரப்பும் பாரத்தில் 'எப்படி இருக்கிறார்' என்று ஒரு கட்டம் இருந்தது. எல்லாரும் நல்லா இருந்தார்கள். அதை ஒரு நாள் பேனாவால் குறுக்கே அடித்துவிட்டீர்கள்.

அப்புறம் அந்தக் குழாயை அவர்கள் வாயில் வைப்பீர்கள். "ஊதுங்க. இன்னும். இன்னும். விடாதீங்க, இன்னும்." ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. மூன்றில் நல்லதுதான் கணக்கு. பவானியில் ஜமக்காளத் தறிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டிருந்த ஒரு மனுசர், ரெண்டாவது ஊதலில் நீலம் பாரித்துச் சாய்ந்தார். அவர் சம்சாரம் தண்ணீர் கொடுத்து, நெஞ்சை நீவி, ஒரு வழியாக நிமிர்த்தினார். நீங்கள் அந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். பிடித்துக்கொண்டே, "இன்னும் ஒரு தடவை பாக்கி இருக்கு" என்றீர்கள்.

வேனில் திரும்பும்போது கேட்டேன்: "உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதுங்களா?"

"இருக்குங்க. அதை வெச்சு அளக்கக் கூடாது."

வீடு திரும்பிய அன்று பின்கட்டில் நடராஜையும் ஊத வைத்தீர்கள். அவனும் வருசா வருசம் ஆளைத்தான் அனுப்பியிருந்தான். என் டிரைவரையே, எனக்கும் தெரியாமல். மூன்று தடவை ஊதினான். காகிதத்தில் மெஷின் போட்ட கோட்டைப் பார்த்துவிட்டு மடித்து வைத்தீர்கள். அவன் விடவில்லை. "எத்தனை மார்க்குங்க டாக்டரம்மா? பாஸா?"

"மில்லை விட்டு இன்னைக்கே நில்லுங்க" என்றீர்கள்.

"மெஷின் வந்துருமுங்களே. நீங்கதான் கணக்குப் போட்டு வாங்கித் தரப் போறீங்கொ."

மேனேஜர் கொடுத்த வாக்கை அவன் நம்பித்தான் இருந்தான். நானும் நம்பினேன். வீடு வீடாகப் போய் அளந்த மூச்சுகளையெல்லாம் சேர்த்து நீங்கள் போட்ட கணக்கு பட்டவர்த்தனமாக இருந்தது. தூசியில் இருந்த வருசம் கூடக் கூட மூச்சு படிப்படியாக இறங்கியது. குருடனுக்கும் தெரியும்.

மேனேஜரைப் பார்க்கப் போனோம். தங்கமான மனுசர் மாதிரி பேசுவார். காப்பி வந்தது. காகிதங்களைப் புரட்டினார். ஊரெல்லாம் சிரித்த கதை அவர் காதுக்கும் போயிருந்தது.

"கேள்விப்பட்டேனுங்க அம்மா. தவறிப்போனவரே வந்து அப்படி ஊதறாருன்னா, எங்க மில்லுக் காத்து எத்தனை நல்ல காத்துங்க! காப்பி ஆறுது, சாப்பிடுங்க."

நீங்கள் சாப்பிட்டீர்கள். அவர் மெல்லச் சொன்னார்: "ஒரு சந்தேகமுங்க. நல்லா இருக்கறவங்களை மாடியில நிக்க வெச்சு அளந்தீங்க. முடியாதவங்களைத் தேடிப் போயி, கட்டில்ல உக்கார வெச்சு அளந்தீங்க. ரெண்டையும் ஒரே தராசுன்னு சொல்லலாமுங்களா? முடியாதவங்களை மட்டும் தேடிப் போனா, முடியாதவங்கதானுங்க கிடைப்பாங்க."

நான் எழுந்துவிட்டேன். கை நீட்டிப் பேசப் போனேன். நீங்கள் என்னை உட்காரச் சொன்னீர்கள். பிறகு அவரைப் பார்த்து, "நீங்க சொல்றது சரி" என்றீர்கள்.

அந்த வார்த்தையை நான் இன்றைக்கும் நம்பவில்லை. வாசலுக்கு வந்ததும் கத்தினேன். "அவன் யோக்கியனுங்களா? அவனுக்கு மெஷின் போட மனசில்லை, அதுக்கு ஒரு சாக்கு. அவன்கிட்டப் போயி சரிங்கறீங்க?"

"அவர் கெட்டவர். சொன்னது சரி. கெட்டவர் சொன்னதால கணக்கு மாறாது." கொஞ்ச தூரம் நடந்தீர்கள். "திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். போட்டோ ஒட்டி, எல்லாரையும் அவங்கவங்க வீட்டுலயே, ஒரே மாதிரி உக்கார வெச்சு. வேலையை விட்டவங்க, ஊரை விட்டவங்க, ஒருத்தரையும் விடாம. அஞ்சு வருசம்."

"அஞ்சு வருசம் நடராஜ் இருக்க மாட்டானுங்க."

"தெரியும்."

"தெரியுமா?"

"அவர் மூச்சுக் கோட்டைப் பார்த்தப்பவே தெரியும். இருந்தாலும் இல்லைன்னாலும் இந்தத் தடவை அவர் கணக்குல இருப்பார்."

அடித்திருப்பேன் உங்களை. பொம்பளையாகப் போய்விட்டீர்கள். மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். நடராஜ்தான் மறுநாள் இருமிக்கொண்டே வந்து, "இருக்கட்டும் உடுங்க மாமா. பாவம், அந்தம்மாளுக்கும் யாரு இருக்கறாங்க" என்றான். அவனுக்காகத்தான் உங்களை இருக்க விட்டேன்.

ரெண்டாவது ஆய்வு தொடங்கியது. யாரும் வெற்றிலை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஜனங்களுக்கு அலுத்துப் போயிருந்தது. "மறுபடியும் மொதல்ல இருந்துங்களா? எங்க மூச்சை ஊதிக் கொண்டுபோயி எங்கதான் விக்கறீங்கொ?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். நீங்கள் ஒவ்வொரு வாசலிலும் நின்று வாங்கிக்கொண்டீர்கள். நடராஜ் முதல் வருசம் ஊதினான். ரெண்டாம் வருசம் மில்லை விட்டு நின்றுவிட்டான். பின்கட்டிலிருந்து முன் வாசலுக்கு வர நடுவில் ஒரு முறை உட்கார வேண்டி இருந்தது. அப்போதும் ஊதினான். நீங்கள் அவனையும் மற்றவர்களைப் போலத்தான், "இன்னும், இன்னும்" என்றீர்கள். உங்கள் குரலில் ஒரு இழை கூட மாறவில்லை. நான் கவனித்துக்கொண்டே நின்றேன். மாறியிருந்தால் உங்களை மன்னித்திருப்பேனோ, என்னவோ.

மூன்றாம் வருசம் ஊத வேண்டிய மாசத்துக்கு முன்னாலேயே அவன் போய்விட்டான்.

இழவு வீட்டுக்கு வந்தீர்கள். பந்தலில் ஓரமாக நின்றீர்கள். அவனை எடுத்துக்கொண்டு போய்விட்டுத் திரும்பினோம். சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு சரசுவிடம் போய் உட்கார்ந்தீர்கள். ஆறுதல் சொல்லப் போகிறீர்கள் என்று நினைத்து நான் விலகிக்கொண்டேன். பைக்குள்ளிருந்து பாரத்தை எடுத்தீர்கள்.

"கடைசியில மூச்சு வாங்குச்சா, நெஞ்சு வலின்னு சொன்னாரா? கால் வீங்கியிருந்துச்சா?"

சரசு அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "ஊத வெச்சு ஊத வெச்சே அவனைத் தீத்துப்போட்டியே! உனக்கு இன்னும் என்னடி பாக்கி? நீயெல்லாம் ஒரு பொம்பளையா? உனக்கொரு தம்பி இருந்து செத்திருந்தாத் தெரியும்!"

தெருவே எட்டிப் பார்த்தது. நீங்கள் எழுந்து போகவில்லை. பாரத்தை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தீர்கள். சரசு கத்தி ஓய்ந்தாள். புடவைத் தலைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, யாரிடமோ சொல்வது போலச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "மூச்சுத்தான். வலின்னு சொல்லலை. காலு ரெண்டும் வீங்கிப்போச்சு."

எழுதிக்கொண்டீர்கள்.

இன்னொன்றையும் அன்றைக்கு என்னிடம் கேட்டீர்கள். அவன் பீடி குடிப்பானா என்று. குடிப்பான் என்றேன். அதையும் எழுதினீர்கள். அந்த ஒரு வார்த்தையால் அவன் சாவு தூசிக் கணக்கில் பாதியாகிவிடுமோ என்று பயந்தேன். பொய் சொல்லியிருக்கலாம். உங்களிடம் பழகிப் பழகி எனக்கும் அந்த வியாதி தொற்றியிருந்தது.

ஐந்து வருசமும் முடிந்தது. கணக்கு வந்தது. பீடி குடித்தவர்களைத் தனியாகவும் குடிக்காதவர்களைத் தனியாகவும் வைத்துப் போட்டும், தூசிதான் காரணம் என்று அடித்துச் சொன்னது. எந்த மேனேஜராலும் விரல் வைக்க முடியாத கணக்கு. காகிதத்தை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனோம். கேட்டில் சங்கிலி தொங்கியது. மில்லை மூடி ரெண்டு நாள் ஆகியிருந்தது. வாட்ச்மேன் ஒருத்தர்தான் இருந்தார். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். நீங்கள் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டீர்கள்.

வேறு மில்காரர்கள் உங்கள் கணக்கைப் படித்தார்கள். நாலைந்து பேர் தூசி இழுக்கும் மெஷின் போட்டார்கள். குழாய் இழுத்தது நான்தான். நல்ல லாபம். அதில் ஒரு முதலாளி என்னிடம் சந்தோசமாகச் சொன்னார்: "மெஷின் போட்டதுக்கு நூலு பளிச்சுன்னு வருதுங்க. தரம் ஏறிப்போச்சு." ஆட்களின் நெஞ்சைப் பற்றி அவர் வாயைத் திறக்கவே இல்லை. உங்களிடம் சொன்னபோது, "எதுக்காகப் போட்டா என்ன, உள்ளே இருக்கறவங்க சுவாசிக்கறாங்க இல்ல" என்றீர்கள். அந்த மில்லுக்குள் நான் நின்று பார்த்தேன். அந்தக் கோடியில் நிற்கிறவன் முகம் தெளிவாகத் தெரிந்தது. நடராஜ் இருந்த கார்டிங்கில் பத்தடியில் நிற்கிறவனைத் தெரியாது.

கணக்கு அச்சாகி வந்த இங்கிலீஷ் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். சரசு கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"எந்தம்பி பேரு எங்க இருக்குது?"

"பேரெல்லாம் போட மாட்டாங்க. நம்பர்தான்." செத்தவர்களின் வரிசையில் ஒரு எண்ணைக் காட்டினேன். "இதுல அவன் ஒருத்தன்."

அந்த எண் மேல் விரலை வைத்தாள். எடுக்கவே இல்லை. "இதுல எது அவன்?"

"அதைப் பிரிக்க முடியாது."

"அவனை இதுலருந்து எடுத்துப்போட்டா?"

டாக்டரம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

உங்களைக் கடைசியாகப் பார்க்க வந்தது அதற்காகத்தான். அப்போதே நீங்கள் படுக்கையில். புற்றுநோய்க் கட்டி நுரையீரலுக்கும் பரவியிருந்தது. பேசினால் உங்களுக்கும் நடுவில் நிறுத்த வேண்டி இருந்தது. டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "என்னை மாதிரி நூறு பேர்ல எத்தனை பேர் இருப்பாங்கன்னு சொல்றாங்க. அதுல நான் இருக்கேனான்னு கேட்டா, தெரியாதாம்." சிரிக்கப் பார்த்தீர்கள். இருமல் வந்தது. "என் தொழிலையே எனக்குத் திருப்பிக் கொடுத்துட்டாங்க."

நோயாளியிடம் கேட்கிற கேள்வியா என்று தயங்கினேன். பிறகு, நீங்கள் எந்த நோயாளியிடம் தயங்கினீர்கள் என்று நினைத்துக்கொண்டு கேட்டேவிட்டேன்.

"நடராஜை எடுத்துட்டுக் கணக்குப் போட்டா, முடிவு மாறுமுங்களா?"

நீங்கள் யோசிக்கவே இல்லை. ஏற்கெனவே போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"மாறாதுங்க."

மூச்சு வாங்கிக்கொண்டீர்கள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரைப் பிடித்தபடியே சொன்னீர்கள்: "அவரை எடுத்தாலும் மாறாது. வேற யாரை எடுத்தாலும் மாறாது. அதனாலதான் இந்தத் தடவை யாராலும் அதை அசைக்க முடியலை."

வீட்டுக்கு வந்ததும் சரசு கேட்டாள், என்ன சொன்னாங்க என்று. அவங்களுக்குப் பேச முடியலை என்றேன். பத்து நாளில் நீங்களும் போய்விட்டீர்கள். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

அவளுக்கு அவன் இல்லாமல் எதுவுமே நிற்காது. உங்களுக்கு அவன் இல்லாமலும் கணக்கு நின்றது. ரெண்டும் உண்மை என்று எனக்குத் தெரிகிறது. உங்கள் உண்மையை அவளிடம் சொல்லும் தைரியம் மட்டும் இன்றைக்கு வரை எனக்கு வரவில்லை. சரக்கு விற்காத வியாபாரி மாதிரி அதை உள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் டாக்டரம்மா.